"வெறும் துவக்கு" என்று ஒன்று இல்லை: வீட்டில் துவக்கு (துப்பாக்கி) வைத்திருப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

காலபோக நெல் குடலைப் பருவத்துக்கு வந்துவிட்டால், இலங்கையின் வடக்கே வன்னியில் எந்தத் தேத்தண்ணிக் கடையில் போய் இருந்தாலும் பேச்சு கடைசியில் பன்றியில்தான் வந்து நிற்கும். "நேற்றிரவு அரை ஏக்கரை உழுதுபோட்டுப் போயிட்டுது" என்று ஒருவர் சொல்வார். "ஒரு துவக்கு இருந்தால் இந்தக் கரைச்சல் இல்லை" என்பார் பக்கத்தில் இருப்பவர். அப்புறம் ஒவ்வொன்றாக வரும். சேப்டி போட்டிருந்தால் ஒன்றும் நடக்காது. தோட்டா இல்லாத துவக்கு வெறும் தடிதான். லைசென்ஸ் எடுத்துவிட்டால் பிறகென்ன கவலை. இவ்வளவு சண்டையைக் கண்ட எங்களுக்குத் துவக்கைப் பற்றி யாரும் சொல்லித்தர வேணுமோ?

இந்தக் கடைசிக் கேள்விதான் என்னை எழுத வைக்கிறது. முப்பது வருடம் துவக்குகளைப் பார்த்து வாழ்ந்த சனம் நாங்கள். ஆனால் நாங்கள் பார்த்தவை மற்றவர்கள் கையில் இருந்தவை. வீட்டுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு, அதே வீட்டில் சமைத்து, பிள்ளை வளர்த்து, படுத்தெழும்புவது வேறு சங்கதி.

எண்பதுகளின் தொடக்கம். முத்தையன்கட்டுப் பக்கம் எங்கள் பெரியப்பா வீட்டில் லைசென்ஸ் உள்ள இரட்டைக் குழல் துவக்கு ஒன்று இருந்தது. ஒருநாள் இரவு வயல் காவலில் ஒரு வெடி வைத்திருக்கிறார். மழை பிடித்துக்கொண்டது. வெடித்த தோட்டாவின் கோதை இழுத்து எறிந்துவிட்டு, மற்றக் குழலில் கிடந்த தோட்டாவை அப்படியே விட்டுவிட்டார். விடியப்புறம் வந்து துவக்கைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் சித்தப்பா எண்ணெய் பூசலாம் என்று அதை எடுத்தார். "உள்ளுக்கு ஒண்டுமில்லை" என்று பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டேதான் விசையை இழுத்தார்.

மூன்று ஓடு சிதறியது. பெரியம்மா மா அரித்துக்கொண்டிருந்தவர், அரிதட்டைப் பிடித்தபடியே இருந்தார். அவர் முகம் அசையவில்லை. அரிதட்டு மட்டும் நடுங்கி, மா மடியில் கொட்டிக்கொண்டே இருந்தது. ஓடுகளை அன்றைக்கே மாற்றினார்கள். மாற்றின ஓடு சரியாகப் பொருந்தாமல், மாரி வந்தால் அந்த இடத்துக்குக் கீழே ஒரு சட்டி வைப்போம். குழல் முகட்டைப் பார்த்திருந்ததால்தான் அன்று ஒருவரும் சாகவில்லை. அதை யாரும் யோசித்து அப்படிப் பிடித்திருக்கவில்லை.

## கிணற்றுக் கட்டும் துவக்கும்

வளவில் கட்டில்லாத கிணறு இருந்தால் என்ன செய்வோம்? "பிள்ளை கெட்டிக்காரன், கிட்டப் போகமாட்டான்" என்று விட்டுவிடுவதில்லை. கட்டுக் கட்டுகிறோம். கட்டு முடியும்வரை பலகையால் மூடுகிறோம். அதற்கும் மேலே, கிணற்றடிக்குத் தனியே போகாதே என்று சொல்லியும் வைக்கிறோம். கட்டு, மூடி, சொல் என்று மூன்று தடைகள். ஒன்று தவறினால் மற்றது தாங்கும்.

துவக்குப் பாதுகாப்பு என்பதும் இதேதான். ஒரு வெடி ஒருவரைக் கொல்ல வேண்டுமானால் நாலு விஷயங்கள் ஒரே நேரத்தில் ஒன்றுசேர வேண்டும்: தோட்டா குழலுக்குள் இருக்க வேண்டும், விசை இழுபட வேண்டும், குழல் ஓர் ஆளின் பக்கம் பார்த்திருக்க வேண்டும், இவ்வளவும் செய்யக்கூடிய கைக்குத் துவக்கு எட்டியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று சேர்ந்துவிட்டன. மிஞ்சியிருந்தது குழல் பார்த்த திசை ஒன்றுதான்.

ஆகவே, பாதுகாப்பு என்பது துவக்கில் உள்ள ஏதோ ஒரு பொத்தான் இல்லை. இந்த நாலையும் ஒன்றுசேர விடாமல் தனித்தனியே வைத்திருக்கும் பழக்கம். இனி வருவது எல்லாம் இந்த ஒன்றின் விரிவுதான்.

## தோட்டாவுக்குள் என்ன நடக்கிறது?

பொங்கலுக்குச் சின்னப் பிள்ளைகள் சீன வெடியைப் பால் டின்னால் மூடிக் கொளுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். வெறும் நிலத்தில் வைத்தால் "படார்" என்பதோடு முடிந்துவிடும். டின்னால் மூடினால், டின் கூரை உயரத்துக்குப் பறக்கும். வெடி ஒன்றுதான், புகைக்குப் போக வேறு வழி இல்லாததால் அது டின்னைத் தள்ளிக்கொண்டு போகிறது. துவக்கின் முழுச் சூத்திரமும் இவ்வளவுதான்.

வயற்காவலுக்கு எங்கள் பக்கம் கொடுக்கப்படுவது பெரும்பாலும் 12 போர் துவக்கு. அதன் தோட்டா ஒரு சின்ன உருளை. அடியில் பித்தளைப் பகுதி, அதன் நடுவில் ஒரு பொட்டு. அந்தப் பொட்டுக்குக் கேப்பு என்று பெயர்; அடிபட்டால் தீப்பொறி கக்கும் மருந்து அதற்குள் இருக்கிறது. கேப்புக்கு மேலே வெடிமருந்து. அதற்கு மேலே தக்கை. தக்கைக்கு மேலே ஈயக் குண்டுகள்.

விசை என்பது விரலால் இழுக்கும் கொக்கி. அதை இழுத்தால் உள்ளே இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கும் சுத்தியல் விடுபடும். சுத்தியல் ஓர் ஊசியை அடிக்கும், ஊசி கேப்பைக் குத்தும், கேப்பு வெடிமருந்தைப் பற்றவைக்கும். மருந்து கண் இமைக்கும் நேரத்துக்குள் எரிந்து புகையாகி, தக்கையையும் குண்டுகளையும் குழலின் வாய்வழியே தள்ளும். வெளியே வரும்போது குண்டுகளின் வேகம் நொடிக்கு 350 முதல் 400 மீட்டர். சத்தமே நொடிக்குக் கிட்டத்தட்ட 340 மீட்டர்தான் போகிறது. மிகக் கிட்ட நிற்பவருக்குக் குண்டு பட்ட பிறகுதான் வெடிச் சத்தம் கேட்கும்.

"12 போர்" என்ற பெயரைப் பலர் தோட்டாவின் எண்ணிக்கை என்று நினைக்கிறார்கள். ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அதில் ஓர் உருண்டை சரியாகப் புகும் குழல் 12 போர். அகலம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும்.

சுருக்கமாக: விசை, சுத்தியல், ஊசி, கேப்பு, மருந்து, குண்டு. விசையைத் தொட்ட பிறகு இந்தச் சங்கிலியை எந்தக் கையாலும் நிறுத்த முடியாது. தொடுவதற்கு முன்புதான் எல்லாம் எங்கள் கையில்.

## "சேப்டி போட்டிருக்கு"

சேப்டி என்பது துவக்கின் மேற்பக்கத்திலோ விசைக்கு அருகிலோ இருக்கும் சின்னப் பொத்தான். வயற்காவல் துவக்குகள் பெரும்பாலானவற்றில் அது தடுப்பது விசையை மட்டுமே. சுத்தியல் உள்ளே இழுபட்டு, ஒரு சின்ன இரும்புப் பல்லில் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பல் தேய்ந்திருந்தால், துவக்கு மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்தாலோ பரணில் இருந்து தவறினாலோ, விசையை யாரும் தொடாமலே வெடிக்கலாம். வெளியே சுத்தியல் தெரியும் பழைய துவக்குகள் பலவற்றில் சேப்டியே கிடையாது. கொக்கத்தடியில் மாங்காய் தொங்குவதுபோல என்று வையுங்களேன்: விழாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

விசை எவ்வளவு பாரம் என்பதையும் சொல்ல வேண்டும். சாதாரணத் துவக்கின் விசையை இழுக்க ஏறத்தாழ 2 கிலோ பாரம் போதும். அஞ்சு வயதுப் பிள்ளை இரண்டு லீட்டர் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வருவதைத் தினமும் பார்க்கிறோம். விரலால் இழுக்கப் பலம் போதாத பிள்ளை துவக்கைத் திருப்பி, இரண்டு பெருவிரலாலும் அமத்தும். அப்போது குழலின் வாய் பிள்ளையின் நெஞ்சைப் பார்க்கும்.

அதனால் சேப்டியைப் போடுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். சுடும் கணம் வரும்வரை விரல் விசைக்கு வெளியே, துவக்கின் பக்கவாட்டில் நீட்டியபடி இருக்கட்டும். இடறினாலோ திடுக்கிட்டாலோ கை தானாகப் பொத்தும். விரல் விசையில் இருந்தால் அந்தப் பொத்தலே போதும்.

## உள்ளுக்கு ஒன்றுமில்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

நினைவை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது. பெரியப்பா ஒரு தோட்டாவை எடுத்தது உண்மை. சித்தப்பா கேள்விப்பட்டதும் உண்மை. இரண்டு உண்மைக்கும் நடுவில்தான் அந்த மற்றத் தோட்டா கிடந்தது.

மடித்துத் திறக்கும் துவக்கு என்றால், குழலை நிலத்தை நோக்கியோ வெளியான பக்கம் நோக்கியோ பிடித்து, மடித்துத் திறந்து, கண்ணால் பார்க்க வேண்டும். இருட்டென்றால் சின்ன விரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். இரட்டைக் குழல் என்றால் இரண்டையும். பக்கத்தில் நிற்பவர் பார்த்துவிட்டு உங்களிடம் நீட்டினாலும் நீங்கள் திரும்பப் பார்க்க வேண்டும். இதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. காசை எண்ணித் தந்தவர் முன்னால் நாங்களும் ஒருமுறை எண்ணுகிறோம்தானே? அப்படித்தான் இதுவும்.

பார்த்து முடிந்த பிறகும் அதை ஆளின் பக்கம் நீட்டக் கூடாது. பகிடிக்கும் கூடாது. பிள்ளைக்குப் படம் எடுக்கக் கொடுப்பதற்கும் கூடாது.

வயலில் இருந்து வரும்போது வீட்டுப் படலையைத் தாண்டுவதற்கு முன்பே தோட்டாவை எடுத்துவிடுவது நல்ல பழக்கம். சைக்கிளில், உழவு இயந்திரப் பெட்டியில், மோட்டார் சைக்கிளில் துவக்கோடு போகும்போது அது திறந்தபடியே, வெறுமையாக இருக்க வேண்டும். குடித்திருந்தால் அன்றைக்குத் துவக்கே வேண்டாம். வயற்காவலும் சாராயமும் பல இடங்களில் கூடவே போகின்றன, அது எல்லாருக்கும் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

## வெடி எங்கே போய் நிற்கிறது?

"துவக்கு நாற்பது யார் (யார்டு) தான் பிடிக்கும்" என்று சொல்வார்கள். குறி வைத்த மிருகத்தை விழுத்துவதற்கு அது சரி. ஆனால் நாற்பது யாரில் குண்டு மறைந்து போய்விடுவதில்லை. பறவைக்குப் பாவிக்கும் சின்னக் குண்டுகள் 200, 300 மீட்டர் வரை போகும். பன்றிக்குப் பாவிக்கும் எஸ்.ஜி. தோட்டாவில் எட்டு ஒன்பது பெரிய குண்டுகள்தான் இருக்கும். ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டருக்கும் சற்றுப் பெரிது. அவை 600 மீட்டர் தாண்டியும் போய் விழலாம். போகப் போகக் குண்டுகள் விரிந்துகொண்டே போகும். 40 மீட்டரில் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும்.

வன்னி நிலத்தில் இது இன்னும் பெரிய கேள்வி. எங்களுக்கு மலையில்லை. இரணைமடுக் குளத்துக்குக் கீழே உள்ள வயலில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டைதான். வரப்பில் நின்று தோள்மட்டத்தில் சுட்டால் அந்தக் குண்டைத் தடுக்க ஒன்றுமே இல்லை. அடுத்த வாய்க்காலுக்கு அங்கால் இன்னொருவரின் காவல் கொட்டில் இருக்கும். குளக்கட்டில் யாராவது சைக்கிளில் வந்துகொண்டிருப்பார்கள். வயலில் தண்ணீர் நின்றால் நிலைமை மோசம்: தட்டைக் கல்லை எறிந்தால் குளத்தில் தத்தித் தத்திப் போவதுபோல, தாழ்வாகப் போன ஈயக் குண்டும் தண்ணீரில் பட்டுத் தெறித்துத் திசை மாறும்.

பழைய ஆட்கள் பரணில் ஏறிச் சுட்டதற்குப் பன்றிக்குப் பயந்தது மட்டும் காரணமில்லை. மேலிருந்து கீழே சுட்டால் குண்டு மண்ணில் போய்ப் புதையும். துவக்குக்கு மிக நல்ல மதில் மண்தான்.

அடுத்தது கண். டோர்ச் வெளிச்சத்தில் மினுங்கும் இரண்டு கண் பன்றியாகவும் இருக்கலாம், அயலவரின் நாம்பன் மாடாகவும் இருக்கலாம். சரசரப்பு இன்னும் மோசம். தண்ணீர் மாற வந்த மனிதனும் பற்றைக்குள் சரசரத்துத்தான் வருவான். இலங்கை முழுவதும் வேட்டைக்குப் போனவர்களைக் கூட்டாளிகளே மிருகம் என்று நினைத்துச் சுட்ட செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. தலை, உடம்பு, கால் மூன்றும் தெரியாமல் விரல் விசைக்குப் போகக் கூடாது. தெரிந்த பிறகும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

சுருக்கமாக: விழுத்தும் தூரம் வேறு, போகும் தூரம் வேறு. இரண்டாவதுதான் அயலவரின் உயிர்.

## வீட்டில் எங்கே வைப்பது?

கதவுக்குப் பின்னால், அலுமாரிக்கு மேலே, மெத்தைக்குக் கீழே. அநேகமான வீடுகளில் இவைதான் இடங்கள். பிள்ளைகளுக்குத் தெரியாத இடத்தில் வைத்திருக்கிறோம் என்பார்கள். பனங்கட்டி எந்தப் பேணிக்குள் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு அது தெரியாது என்று நான் நம்பமாட்டேன். ஒளித்து வைப்பது பூட்டி வைப்பதாகாது.

முறை இதுதான். துவக்கு வெறுமையாக, பூட்டிய பெட்டியில். தோட்டா வேறு இடத்தில், வேறு பூட்டோடு. இரண்டு திறப்பும் லைசென்ஸ்காரரின் இடுப்பில். ஆணியில் தொங்கக் கூடாது. இரும்புப் பெட்டி வாங்க வசதி இல்லையென்றால், தடித்த பலகையில் ஒரு பெட்டி செய்து, சுவரோடு முடுக்கி, ஆமைப்பூட்டுப் போடலாம்.

காசு செலவில்லாத இன்னொரு வழியும் இருக்கிறது. மடித்துத் திறக்கும் துவக்கைச் சுத்தம் செய்வதற்காகக் கழற்றத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை: முன்பிடி, குழல், தண்டு என்று அது மூன்று துண்டாகக் கழரும். குழலைத் தனியே ஓரிடத்திலும் மற்றத் துண்டுகளை வேறிடத்திலும் பூட்டி வைத்தால், ஒன்று அகப்பட்டாலும் அது துவக்காகாது. பயிர் வெட்டிய பிறகு மாதக்கணக்கில் தேவைப்படாத துவக்கை இப்படி வைப்பதில் என்ன கஷ்டம்?

"கள்ளன் வந்தால் உடனே எடுக்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். வயற்காவலுக்குத் தந்த துவக்கு அதற்கானதல்ல என்பது ஒரு பக்கம். இருட்டில், நித்திரைக் கலக்கத்தில், வாசலில் நிற்பது கள்ளனா, பிந்தி வந்த மகனா என்று தெரியாமல் துவக்கை நீட்டும் வீட்டைவிடப் பூட்டிய பெட்டி உள்ள வீடு பாதுகாப்பானது என்றுதான் நான் நினைக்கிறேன்.

## மருந்துப் பெட்டி சொல்லித் தந்தது

இதைப் பேசக் கூச்சமாக இருக்கும், ஆனால் பேசாமல் விட முடியாது. வீட்டுத் துவக்கால் வரும் சாவுகளில் தவறி வெடிப்பது ஒரு பகுதிதான். கோபத்தில், குடிவெறியில், வாழ்வு கசந்த ஒரு நேரத்தில் எடுப்பதும் இருக்கிறது.

விவசாயக் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரிந்த கதை. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் அது ஒன்று. பெரும்பகுதி பயிருக்கு அடிக்கும் மருந்தால். அந்த ஆண்டில் இருந்து படிப்படியாக மிகக் கொடிய மருந்துகளைத் தடை செய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை அளவு ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. சனத்தின் துன்பம் அந்த அளவுக்குக் குறைந்துவிடவில்லை. வன்னிக்கு அந்த இருபது ஆண்டுகள் எப்படிப் போயின என்று சொல்லத் தேவையில்லை. கைக்கெட்டிய தூரத்தில் கொல்லும் பொருள் இல்லாமல் போனது, அதுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

சாக வேண்டும் என்ற அந்த வேகம் பலருக்குச் சில நிமிடமோ சில மணித்தியாலமோதான் நிற்கும். அந்த நேரத்தைக் கடக்கவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்து வாழ்கிறார்கள். பூட்டும் வேறிடத்தில் உள்ள தோட்டாவும் அந்த நேரத்தைத்தான் வாங்கித் தருகின்றன. வீட்டில் ஒருவர் மனம் உடைந்து இருக்கிறார் என்று பட்டால், துவக்கைக் கொஞ்ச நாளைக்கு வீட்டை விட்டு அகற்றுவதற்குப் பொலிஸிடம் வழி கேளுங்கள். மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கம் இருக்கிறது. எந்த நேரமும் எடுக்கலாம்.

## சேறும் ஈரமும்

குழல் வாயில் சேறு அடைத்திருந்தால் துவக்கு உங்கள் முகத்துக்குக் கிட்ட வெடித்துப் பிளக்கும். வரப்பில் வழுக்கி விழுந்தவர் எழும்பியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலின் உட்பக்கத்தைப் பின்பக்கமாகப் பார்ப்பது. வாட்டர் பம்பின் குழாய் எங்காவது மடிந்தால் எங்கே வெடிக்கும் என்று விவசாயிக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

மாரியில் ஈரம் குடித்த தோட்டா இரண்டு விதமாக ஏமாற்றும். விசையை இழுத்தும் ஒன்றும் நடக்காவிட்டால் உடனே திறக்கக் கூடாது. மருந்து உள்ளே மெல்லப் பற்றிக்கொண்டிருக்கலாம். குழலை வெளியான பக்கம் பிடித்தபடி அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும். வழமையான சத்தம் இல்லாமல் "புஸ்" என்று மட்டும் வந்தால் தக்கை குழலுக்குள் சிக்கியிருக்கலாம்; அடுத்த தோட்டாவைப் போட்டால் சேறு அடைத்த கதைதான். ஊதிய, பச்சை பிடித்த தோட்டாக்களைப் பாவிக்காமல், லைசென்ஸ் தந்த இடத்தில் கேட்டு ஒப்படைப்பதே வழி.

காதையும் கவனியுங்கள். ஒரு 12 போர் வெடியின் சத்தம் 140 டெசிபலுக்கு மேல். பஞ்சை உருட்டி வைப்பதைவிடக் கடையில் விற்கும் காதடைப்பான் நல்லது.

## கட்டுத்துவக்கும் இடியனும்

இவை இரண்டும் துவக்கு வைத்திருப்பது என்ற பேச்சுக்குள்ளேயே வரக்கூடாதவை. ஆனால் வன்னியில் துவக்கால் காயப்படும் சனத்தைப் பற்றிப் பேசினால் இவற்றைத் தாண்டிப் போக முடியாது.

கட்டுத்துவக்கு என்பது மிருகம் போகும் பாதையில் கட்டி வைத்து, குறுக்கே இழுத்த கம்பி தடக்கினால் தானாக வெடிக்கும் களவுத் துவக்கு. மேலே சொன்ன நாலு விஷயங்களில் ஒன்றுக்குக்கூட இதில் தடை இல்லை. தோட்டா உள்ளே, விசை தயார், குழல் பாதையைப் பார்க்கிறது. தொடுகிற எதுவும் அதை வெடிக்க வைக்கும். பார்த்துத் தீர்மானிக்கக் கண் இல்லை. பன்றியின் உயரத்துக்குக் கட்டுவதால், மனிதர் வந்தால் முழங்காலும் தொடையுமே சிதறுகின்றன. தேன் எடுக்கப் போனவர், விறகுக்குப் போனவர், தொலைந்த மாட்டைத் தேடிப் போனவர், இவர்கள்தான் அநேகமாக அடிபடுகிறார்கள். கட்டினவரே மறந்துபோய்த் தடக்கியதும் உண்டு.

அப்படி ஒருவரைக் கண்டால் 1990 அம்புலன்சுக்கு உடனே அழையுங்கள். இரத்தம் பாயும் இடத்தில் சுத்தமான சாரத்தையோ சீலையையோ மடித்து வைத்து, இரண்டு கையாலும் முழுப் பாரத்தையும் கொடுத்து அமத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். நனைந்தால் மேலே இன்னொன்றை வைத்து அமத்துங்கள். போகிற வழியில் இரண்டாவது கம்பி இருக்கலாம். வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

இடியன் என்பது உள்ளூரில் செய்யும், குழல் வாய்வழியே மருந்தைப் போட்டு இடித்து இறுக்கும் துவக்கு. அதன் குழல் இவ்வளவு அமுக்கத்தைத் தாங்கும் என்று யாரும் சோதித்ததில்லை. மடித்துத் திறந்து பார்க்க முடியாததால், உள்ளே மருந்து இருக்கிறதா என்று வெளியே இருந்து தெரியாது. "வெறும் துவக்கு" என்ற பேச்சு மிகவும் ஆபத்தாவது இதில்தான்.

## லைசென்ஸ் என்றால் என்ன?

இலங்கையில் துவக்கு வைத்திருப்பதை ஆளுவது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். லைசென்ஸ் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டிய ஒன்று. டிசம்பர் 31 உடன் காலம் முடிகிறது. பயிர்ப் பாதுகாப்புக்கான துவக்கு கச்சேரி (மாவட்டச் செயலகம்) வழியாக, கிராம அலுவலர், பொலிஸ் ஆகியோரின் அறிக்கையோடு வருவது.

பலர் பிழையாக விளங்கிக்கொள்வது என்னவென்றால், லைசென்ஸ் துவக்குக்கு மட்டும் உரியதில்லை. ஓர் ஆளுக்கும் ஒரு துவக்குக்கும் சேர்த்துத் தரப்படுவது. தம்பிக்கு ஓரிரவு இரவல் கொடுக்க முடியாது. அப்பா இறந்தால் அது காணிபோல மகனுக்கு வந்துவிடாது. பொலிஸுக்கு அறிவித்து ஒப்படைத்து, மகன் தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காக எதையும் சுடவும் முடியாது. யானையும் மானும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை. யானைக்கு ஈயக் குண்டு அடிப்பதால் அது திரும்பிப் போவதுமில்லை. சீழ் பிடித்த காயத்தோடு அலையும் யானைதான் கொட்டிலை இடிக்கும்.

## மண்ணுக்குள் கிடப்பவை

2009 மே மாதத்தோடு சண்டை முடிந்தது. மண்ணுக்குள் போனவை இன்னும் முடியவில்லை. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடைக்கான ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. கண்ணிவெடிகளை முழுதாக அகற்ற 2028 வரை தவணை இருக்கிறது. முகமாலையில் இருந்து முல்லைத்தீவுக் கரைவரை ஏராளமான நிலத்தை மிதிவெடி அகற்றும் ஆட்கள் கைமண் கைமண்ணாகச் சோதித்து மீட்டிருக்கிறார்கள். அப்படியிருந்தும் கிணறு வெட்டும்போது, மரவள்ளிக்குக் கொத்தும்போது ரவைகளும் எறிகணைகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அப்படிக் கிடைக்கும் ரவை எந்தத் துவக்குக்கும் உரியதல்ல. துருப்பிடித்தது செத்துப்போனது என்றும் அர்த்தமில்லை; பழையதாகப் பழையதாகச் சில வகை மருந்து இன்னும் எளிதில் வெடிக்கக் கூடியதாகிறது. பித்தளைக்காக வெட்டக் கூடாது. குப்பையோடு எரிக்கக் கூடாது. தடியால்கூடத் தட்டக் கூடாது. கண்ட இடத்தில் நின்று, வந்த வழியே பின்னுக்குப் போய், தூரத்தில் இருந்து ஓர் அடையாளம் வைத்து, 119க்கு அறிவிக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு மூன்று சொல் போதும்: நில், தொடாதே, வந்து சொல். வீட்டுத் துவக்குக்கும் அதேதான். நான் பெற்றோரிடம் கேட்பது ஒன்று: வந்து சொன்ன பிள்ளையை ஏசாதீர்கள். "நீ ஏன் அங்க போனனி?" என்று ஒருமுறை அடி விழுந்தால் அடுத்தமுறை பிள்ளை சொல்லாது.

சில வருடத்துக்கு முன் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன், எட்டு வயதிருக்கும், ஓடி வந்து தாயிடம், "அம்மா, பனையடியில ஒரு இரும்புக் கத்தரிக்காய் கிடக்கு, நான் தொடேல்லை" என்றான். தாய் செத்தைக்குப் பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர், செதில் ஒட்டின கையைக்கூடக் கழுவாமல் அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து போன் பண்ணச் சொன்னார். பின்னேரம் ஆட்கள் வந்து, ஒழுங்கையை மறித்து, மணல் மூட்டை அடுக்கி, அதை எடுத்துக்கொண்டு போனார்கள். அவன் மதிலுக்கு இங்கால் நின்று முழுவதையும் பார்த்தான். தாய் அவன் தோளில் வைத்த கையை எடுக்கவேயில்லை.